நாயும் உண்ணிக் காய்ச்சலும்



கண்டி மாநகரின் அஸ்கிரியவிலே பொலிஸ் திணைக்களத்தின் மோப்ப நாய்கள் வளர்க்கப்படுகின்றன. அந்நாய்களுக்கு வேளைக்கு உணவுண்டு, நீராட்டுண்டு, மிருக வைத்தியரின் கவனிப்பும் உண்டு. அதே நகரின் சந்தையோரத்தில் திரியும் நாய்க்கு இவற்றுள் ஒன்றேனும் இல்லை. ஆயினும், கள்வனைத் தேடிப் பற்றைக்குள் நுழையும் நாயும், இரை தேடிப் பற்றைக்குள் நுழையும் நாயும் ஒரே ஆபத்திற்கு ஆளாகின்றன. அதனைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

நாயால் வரும் நோய் என்றதும் நம் நினைவிற்கு வருவது நீர்வெறுப்பு நோய். 1973 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 377 பேர் அதற்குப் பலியாயினர். நாய்களுக்குப் பரவலாகத் தடுப்பூசி இட்டமையாலும், கடியுண்டோர் வைத்தியசாலையை நாடியமையாலும், அத்தொகை அண்மை ஆண்டுகளில் 20, 30 என்னும் அளவிற்குக் குறைந்துள்ளது. கடித்த நாயைக் கண்ணாற் காண்கின்றோம். ஆதலால் ஓடோடிச் சென்று ஊசி ஏற்றிக்கொள்கின்றோம். கடியாத நாயைப் பற்றி யார் கவலைப்படுகின்றார்கள்?

அந்த நாயின் காதோரத்தைச் சற்றே விலக்கிப் பாருங்கள். மிளகு போல ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணிகள் தென்படும். நாயுண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை நாயின்மீது ஏறிக் குருதி குடித்து, மூன்று முறையும் கீழே விழுகின்றது. விழுந்தது சுவரின் வெடிப்பிலும் கூட்டின் இடுக்கிலும் ஒளிந்திருக்கும். வளர்ந்த பெண்ணுண்ணியோ அவ்விடத்திலேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாயைக் குளிப்பாட்டிவிட்டுக் கூட்டை மறந்தவர் பாதி வேலையைத்தான் செய்தவராவார்.

இத்தகைய உண்ணிகளின் வழியே ரிக்கெற்சியா என்னும் நுண்ணுயிர் மனிதரிடம் புகுந்து புள்ளிக் காய்ச்சலை உண்டாக்கும். அதன் உறவினதான புதர்க் காய்ச்சலைத் தருவது, புல்நுனியிற் காத்திருக்கும், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிற்றுண்ணியின் குஞ்சு. இரண்டாம் உலகப் போரின்போது இலங்கைக் காடுகளிற் பயிற்சி பெற்ற நேசநாட்டுப் படையினரை வாட்டியது இதுவே. மத்திய மாகாண மலைப்புறங்களிலோ புள்ளிக் காய்ச்சலே மிகுதி என்பது பேராதனை வைத்தியர்களின் ஆய்வுகளால் தெரியவந்துள்ளது.

இலங்கை நாய்களின் குருதியிலும் இக்கிருமிகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை ஆய்வாளர் கண்டுள்ளனர். இதனைக் கேட்டு நாயை அடித்துத் துரத்த எழுந்துவிடாதீர்கள். பிறபொருளெதிரி இருப்பதனால் அந்த நாய் நோயைப் பரப்புகின்றது என்றாகாது. கிருமி அதனை ஒருமுறை தீண்டிற்று என்பதே பொருள். நாய் நமக்கு முன்னே பற்றைக்குள் சென்று வந்த சாட்சி. அது நடந்த வழியிலேதான் ஹந்தானையிலும் கலஹாவிலும் கொழுந்தெடுப்போர் நடக்கின்றனர். விறகு பொறுக்கும் சிறுவரும் நடக்கின்றனர்.

காய்ச்சல் ஐந்தாறு நாள் நீடிக்கும், தலை இடிக்கும், மூட்டுகள் நோகும், சிலருக்கு உடலிற் செம்புள்ளிகள் தோன்றும். இவற்றைச் சாதாரணக் காய்ச்சல் என்றெண்ணிக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவோர் பலர். பெனிசிலின் இனத்து மருந்துகள் இங்கே பயன்படா. டொக்சிசைக்கிளின் என்னும் விலை மலிந்த மருந்தோ பெரும்பாலும் இரண்டு நாளிலேயே காய்ச்சலைத் தணித்துவிடும். காலந் தாழ்த்தினால் நுரையீரலும் மூளையும் தாக்குண்டு உயிரே போகலாம். மலிவான மருந்து அருகிலிருக்க, நோயின் பெயர் தெரியாமையால் ஒருவர் இறப்பது எத்துணைக் கொடுமை!

ஆதலின், காய்ச்சலோடு வைத்தியரிடம் செல்லும்போது, வீட்டில் நாயுண்டு என்பதையும், பற்றையில் வேலை செய்ததையும் அவர் கேளாமலே சொல்லுங்கள். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகியவற்றை முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். சுருட்டாற் சுட்டது போன்ற கரிய பொருக்கு ஒன்று அங்கிருக்கலாம். அது வலிப்பதில்லை, எல்லார்க்கும் தோன்றுவதுமில்லை. இருந்தால் வைத்தியருக்குக் காட்டுங்கள்.

இன்னுமொன்று. நாயின் உடலிலிருந்து உண்ணியைப் பிடுங்கி நகத்தால் நசுக்குவது நம் வீடுகளிற் பழகிப்போன வேலை. திண்ணையிலிருந்து பாட்டிமார் செய்வதை நானும் பார்த்திருக்கிறேன். நசுங்கிய உண்ணியின் சாறு கீறலிலோ கண்ணிலோ பட்டால் அதுவே போதும், நோய் தொற்ற. சிறு இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்து, சவர்க்கார நீரிலே போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.