அரசர் கப்பற்படையும் நம் கரையோர மாலுமிகளும்



வெள்ளாற்றங்கரையில் அமைந்த இந்தப் புவனகிரியிலிருந்து ஆற்றின் போக்கிலேயே கிழக்கு நோக்கிச் சென்றால் பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தை அடைகிறோம். அங்கிருந்து வடக்கே தேவனாம்பட்டினம் வரையில் நீண்டு கிடக்கும் கடற்கரையில், போர்த்துகேசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று வந்த அந்நியர் அனைவரும் கொடி நாட்டியதும், கோட்டை கட்டியதும், தம்முள் போரிட்டதும் சரித்திரப் பிரசித்தம். அவர்களுடைய தளபதிகளின் பெயர்களை நம் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். ஆனால் அரசர்களின் கப்பல்கள் கடலில் ஓடுவதற்கு வேண்டிய மனிதர்கள் எங்கிருந்து வந்தார்கள், எவ்வாறு சேர்க்கப்பட்டார்கள், சேர்ந்தவர்களில் நம்மவர் எத்தகையோர் என்ற வினாவை நாம் அதிகமாக எழுப்பியதில்லை. அந்த வினாவையே இன்றைய சொற்பொழிவின் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

தில்லைக்கு அண்மையில் நின்று பேசுபவன் சோழரை விட்டுத் தொடங்குதல் இயலாது. கி.பி. 1025-இல் முதலாம் ராஜேந்திரன் கடல் கடந்து ஸ்ரீவிஜய ராஜ்யத்தின் மீது படையெடுத்ததை அவனுடைய மெய்க்கீர்த்தி விரிவாகக் கூறுகிறது. கொள்ளப்பட்ட ஊர்களின் பட்டியல் அதில் உண்டு. கப்பல் செலுத்தியவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நிலையான கப்பற்படை ஒன்றை ஆண்டு முழுவதும் ஊதியம் கொடுத்துச் சோழர் வைத்திருந்தனர் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதற்கில்லை. கடல் வாணிகம் செய்த ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுவினரின் மரக்கலங்களும், அவற்றை ஓட்டிப் பழகிய கரையோர மக்களுமே யுத்த காலத்தில் அரசனுக்குப் பணியாற்றியிருத்தல் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சுமாத்திராத் தீவில் பாரூஸ் என்னுமிடத்தில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவரின் கப்பல்களையும் மரக்கல நாயனையும் குறிப்பிட்டு, அங்கே வந்திறங்குவோர் செலுத்த வேண்டிய கட்டணத்தையும் விதிக்கிறது. படையெடுப்பு நிகழ்ந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே கடலில் தமிழ் மாலுமி உரிமையோடு சென்று வந்தான் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மேனாட்டில் அரசர்கள் இக்காரியத்தை எவ்வாறு செய்தார்கள் என்பதையும் சற்றே நோக்குவோம். இங்கிலாந்தில், போர் மூண்டபோதெல்லாம், கடற்படை அதிகாரியின் கீழ் ஒரு கூட்டம் துறைமுகப்பட்டினங்களின் தெருக்களில் இறங்கி, கடல் தொழில் பழகிய ஆடவரைக் கண்ட இடத்தில் பிடித்துக் கப்பலேற்றிவிடும். வணிகக் கப்பலில் நெடும் பிரயாணம் முடித்து, மனைவி மக்களைக் காணும் ஆவலோடு கரையை நெருங்கியவனையும் அவர்கள் விட்டதில்லை. பிரான்சு தேசத்திலோ, பதினான்காம் லூயியின் மந்திரியாகிய கோல்பேர், பதினேழாம் நூற்றாண்டிலேயே கரையோரக் கிராமங்களின் மாலுமிகள் அனைவரையும் ஏட்டில் பதிவு செய்வித்து, முறைவைத்து அரசர் கப்பல்களில் பணியாற்றச் செய்தார். ஊனமுற்றவர்க்கு உதவி அளிக்க ஒரு நிதியும் ஏற்படுத்தினார். கட்டாயம் இரண்டிலும் உண்டு. ஆயினும், பிரான்சில் மாலுமியின் பெயரை ஏட்டில் எழுதி, அவன்பால் தனக்கொரு கடமை உண்டு என்று அரசு ஒப்புக்கொண்டதே பெரிய வேற்றுமை. நம் கரையில் அந்த ஏடு ஒருநாளும் திறக்கப்படவில்லை.

இனி, நம் வாயிலிலேயே நிகழ்ந்த சம்பவத்துக்கு வருகிறேன். 1782 ஏப்ரலில் கடலூர், பிரெஞ்சுக்காரர் வசமும் அவர்களுடைய நண்பரான ஹைதர் அலியின் வசமும் ஆயிற்று. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனை ஹைதர் அலி நேரிற் கண்டு அளவளாவியதும் அவ்வாண்டு ஜூலையில் கடலூரிலேயே. மறு ஆண்டு ஜூனில், தளபதி ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலேயர் தரைவழியாகக் கடலூரை முற்றுகையிட, உள்ளே பிரெஞ்சுத் தரைப்படைத் தளபதி புஸ்ஸி சிக்கிக்கொண்டார். கடல் வழியை ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹ்யூஸ் 18 போர்க்கப்பல்களுடன் அடைத்து நின்றார். திருக்கோணமலையிலிருந்து 15 போர்க்கப்பல்களுடன் விரைந்து வந்தார் சுஃப்ரேன். நான்கு பெரும் போர்களை அதற்கு முன்னைய ஆண்டில் நடத்திய அவருடைய கப்பல்களில் மரமும் பாயும் தேய்ந்திருந்தன. அதனினும் பெரிய குறை, பீரங்கிகளை இயக்கப் போதிய ஆட்கள் இல்லாமை. தாய்நாடோ பல மாதப் பிரயாணத் தொலைவில் இருந்தது. கோல்பேரின் ஏடுகள் வங்கக் கடலில் எதற்கு உதவும்?

ஜூன் 17-ஆம் நாள் கடலூருக்கு எதிரே நங்கூரமிட்ட சுஃப்ரேன், புஸ்ஸியின் படையிலிருந்து, ஐரோப்பியரும் இந்நாட்டுச் சிப்பாய்களுமாக 1,200 பேரைத் தம் கப்பல்களில் ஏற்றிக்கொண்டார். முற்றுகைக்குள் இருக்கும் ஒரு கோட்டை, தன் காவலிலிருந்து அத்தனை பேரைக் கடலுக்கு அனுப்பியது துணிவான செயல். கடலில் தோற்றால் கரையில் நிலைக்க இயலாது என்பதைத் தளபதிகள் இருவரும் உணர்ந்திருந்தனர். ஜூன் 20-ஆம் நாள் பிற்பகலில் தொடங்கிய போர் ஏறக்குறைய மூன்று மணி நேரம் நீடித்தது. இரு பக்கத்திலும் ஏறத்தாழ நூறு பேர் வீதம் மாண்டனர். குடிநீர்க் குறைவாலும், மாலுமிகளில் பல நூற்றுவரை வாட்டிய சொறிகரப்பான் நோயாலும் முன்னமே தளர்ந்திருந்த ஹ்யூஸ் சென்னைக்குத் திரும்பினார். சுஃப்ரேன் தாம் வாங்கிய வீரரைத் திருப்பித் தந்ததோடு, தம் கப்பல்களிலிருந்தும் ஆட்களைக் கரையிறக்கி உதவினார். ஐரோப்பாவில் சமாதானத்துக்கான ஒப்பந்தம் ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது என்ற செய்தி, இத்தனை உயிரும் மாண்ட பின்னரே இக்கரையை எட்டியது.

இங்கே ஒரு நுட்பத்தை அன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டும். பெரிய போர்க்கப்பல்கள் கடலூரில் கரையை அணுக இயலாது. ஆழமுள்ள இடத்தில் நங்கூரமிட்டு நிற்க வேண்டியவை. இடையிலே, சோழமண்டலக் கரைக்கே உரிய உடையலைகள். ஆணியடித்துப் பூட்டிய ஐரோப்பியப் படகு அவ்வலையில் மோதிப் பிளந்துவிடும் என்பதனால், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, மோதும் அலைக்கு வளைந்து கொடுக்கும்படி அமைத்த மசூலாப் படகுகளையும், கட்டுமரங்களையுமே கம்பெனியாரும் அரசர் கப்பல்களும் நம்பியிருந்தனர். ஆகவே, கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஆள் போனதிலும், தண்ணீர்ப் பீப்பாய் போனதிலும், காயம்பட்டவர் மீண்டதிலும் இக்கரைப் படகோட்டிகளின் தோள்வலிக்கு உரிய பங்கு உண்டு என்பது என் துணிபு. அவர்கள் எந்த அரசருடைய பட்டாளத்திலும் சேர்க்கப்பட்டவரல்லர். மீனவக் குப்பங்களின் நாட்டார்களிடம் சொல்லி அனுப்பினால் படகுகள் வரும். வேலை முடிந்தால் கூலி வரும், சில வேளை வராமலும் போகும். சுஃப்ரேனைப் பற்றி நூல்கள் பல உள; அந்தப் படகோட்டிகளில் ஒருவனுடைய பெயரும் நம்மிடம் இல்லை.

கப்பலிலேயே வேலைக்குச் சென்ற, லஸ்கர்கள் எனப்பட்ட மாலுமிகளின் கதையும் இதுபோன்றதே. சாரங்கு என்ற தலைவன் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டுவான்; கப்பல் அதிகாரிக்குத் தெரிந்தவன் சாரங்கு ஒருவனே. அச்சேமுக்கும் கெடாவுக்கும் பெகுவுக்கும் தம் சொந்தக் கப்பல்களை அனுப்பிய பரங்கிப்பேட்டை, நாகூர் மரக்காயர்களின் மரபில் கடலறிவு பெற்றவர்கள், காலப்போக்கில் பிறருடைய கப்பல்களில் கூலியாட்கள் ஆக நேர்ந்தது, நம் கரை துணி வாணிகத்தை இழந்ததற்குச் சமமான நஷ்டம் என்றே நான் கருதுகிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ராயல் இந்திய மரைன், கொங்கணக் கரையில் ரத்தினகிரி ஜில்லாவிலிருந்தே பெரும்பாலும் ஆட்களை எடுத்து வந்தது. நம் கரை அதன் கண்ணுக்குத் தொலைவில் கிடந்தது. 1934-இல் அது ராயல் இந்தியக் கடற்படையாயிற்று. இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது இரண்டாயிரத்துக்கும் குறைவாக இருந்த படை, யுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழ முப்பதினாயிரமாகப் பெருகியது. தந்தியும் ரேடியோவும் ரேடாரும் புகுந்த கப்பலுக்கு ஆங்கில எழுத்தறிவுள்ள இளைஞர் வேண்டியிருந்தனர். ஆகவே சென்னை மாகாணத்தின் பள்ளிகளில் படித்தவர்கள் பலர் சேர்ந்தனர். தோள்வலிமையை வேண்டிய அரசு இப்பொழுது கல்வியை வேண்டியது. கல்வி பெற்றவனோ தான் நடத்தப்பட்ட விதத்தைச் சிந்திக்கத் தொடங்கினான். தீய உணவு, நிறவெறி கலந்த வசைச்சொல், யுத்தம் முடிந்ததும் எதிர்காலம் என்னவென்று தெரியாத நிலை ஆகிய இவை எல்லாம் திரண்டு, 1946 பிப்ரவரி 18-இல் பம்பாய் தல்வார் பயிற்சி நிலையத்தில் வேலைநிறுத்தமாக வெடித்து, 78 கப்பல்களுக்கும் கரையிலிருந்த நிலையங்களுக்கும் பரவி, ஏறத்தாழ இருபதினாயிரம் மாலுமிகளைத் தன்னகத்தே கொண்டது. அரசருக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் தேசத்துக்காக நின்ற அந்த ஐந்தாறு நாட்களுக்குக் கிடைக்க வேண்டிய கௌரவத்தை, வேலை இழந்து வீடு திரும்பிய அவர்களுக்கு நாம் உரிய காலத்தில் அளிக்கவில்லை. 1950 ஜனவரி 26 முதல் நம் கடற்படையின் பெயரில் அரசர் இல்லை. சேர்வோர் குடியரசின் மாலுமிகள்.

அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பரங்கிப்பேட்டையிலும் கிள்ளையிலும் தேவனாம்பட்டினத்திலும் சிதம்பரத்திலும் புவனகிரியிலும், ராயல் இந்தியக் கடற்படையில் பணிபுரிந்த முன்னோர்களுடைய விடுவிப்புச் சான்றிதழ், பதக்கம், கடிதம், சீருடை அணிந்த நிழற்படம் ஆகியவை பல வீடுகளின் பெட்டிகளில் இன்னமும் இருத்தல் கூடும். சாரங்குகள், படகுத் தலைவர்கள் குடும்பங்களில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்திகளும் இருக்கும். அவற்றைச் செல்லரிக்க விடாமல், பெயர், ஊர், பணியாற்றிய கப்பல், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து, ஒரு பிரதியை உங்கள் ஊர் நூலகத்திலும் மற்றொன்றைப் பல்கலைக்கழக நூலகத்திலும் சேர்ப்பிக்குமாறு, குறிப்பாக இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களையும் ஆசிரியர்களையும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.