யவன அரங்கம் தேடி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் இலக்கியம் பேசுதலே வழக்கம். யாமோ இன்று ஒரு பயணத்தைப் பற்றிப் பேச இசைவு பெற்றிருக்கிறோம். ஆயினும் அப்பயணத்திற்கு வித்திட்டதும் இலக்கியமே. நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் அகநானூற்றின் 149-ஆம் பாட்டு நடந்துகொண்டிருந்தது. யவனர் கலங்கள் முசிறித் துறைக்குப் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்ற செய்தியை அப்பாட்டு உரைக்கிறது. பாடம் முடியும் வேளையில் எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இத்தனை யவனர் வந்தார்களே! உரோமாபுரியில் இருப்பது போன்ற வட்டரங்கு ஒன்றையேனும் நம் பக்கத்தில் கட்டவில்லையா?" என்று வினவினான்.

நல்ல வினா. பியூட்டிங்கர் படம் எனப்படும் பழைய உரோம நிலப்படம் முசிறிக்கு அருகே அகஸ்தசுக்கு ஒரு கோயிலைக் குறித்திருக்கிறது. நம் கேரளத்துப் பட்டணம் என்னும் ஊரிலே 2007 முதல் நடந்த அகழ்வில் உரோமரின் மதுச்சாடி உடைசல்கள் ஏராளமாய்க் கிடைத்தன. உடைசல் உண்டு, அரங்கம் இல்லை. எனினும் வடக்கே கிருட்டிணை ஆற்றங்கரையில், உரோமர் அரங்கைப் போன்றது என்று அறிஞர் சிலர் கூறும் ஓர் அரங்கம் உண்டு. அதனைக் காணவே பன்னிருவர் புறப்பட்டோம். குண்டூர் வரையில் சபரி விரைவு வண்டி. அதன்பின் மாச்சர்லா வழியாகச் சிற்றுந்து. வழியில் உண்ட கோங்குரா துவையலின் காரத்தைப் பற்றி யாம் ஏதும் கூறப் போவதில்லை.

நாகார்ச்சுனகொண்டா என்று இன்று வழங்கும் அவ்விடம் முன்னாளில் விசயபுரி. கி. பி. மூன்றாம் நூற்றாண்டில் இட்சுவாகு மன்னர்கள் அங்கிருந்து ஆண்டனர். மலைகள் மூன்று புறமும் சூழ, ஆறு ஒருபுறம் ஓட, நடுவே பள்ளத்தாக்கில் கோயில்களும் புத்த விகாரங்களும் நிறைந்த நகரம் அது. 1926-இல் அவ்விடம் கண்டறியப்பட்டது. பின்னர் லாங்ஹர்ஸ்ட் அகழ்ந்தார். நம் தமிழறிஞர் டி. என். இராமச்சந்திரன் அகழ்ந்தார். பிறகு வந்தது அணை. 1955 டிசம்பர் 10-ஆம் நாள் பண்டித நேரு நாகார்ச்சுன சாகருக்கு அடிக்கல் நாட்டினார். தண்ணீர் வருமுன் நகரை முழுவதும் அகழ்ந்து அறிந்துவிட வேண்டும் என்று ஆர். சுப்பிரமணியம் தலைமையில் 1954 முதல் 1960 வரை தொல்லியல் துறையினர் ஓடியோடி உழைத்தனர். அப்போது வெளிப்பட்டதே இவ்வரங்கம். அணையின் நீர் பள்ளத்தாக்கை மூடிற்று. சில கட்டிடங்களைப் பெயர்த்தெடுத்து, நீர் எட்டாத மலையுச்சியிலும், கிழக்குக் கரையில் அனுபு என்னும் இடத்திலும் மீண்டும் அமைத்தனர். அரங்கம் அனுபுவுக்குப் போயிற்று. ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் எம் பிள்ளைகள், "அனுப்பு என்றதும் அனுப்பிவிட்டார்களா?" என்று சொல்லிச் சிரித்த சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று.

அரங்கின் முன் நின்றபோது எம்மில் ஒருவர் முகம் வாடிற்று. அவர் உரோமாபுரியைக் கண்டு மீண்டவர். "இதுவா?" என்றார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. கொலோசியம் கி. பி. 80-இல் தீத்தசு மன்னன் திறந்து வைத்தது. 188 மீட்டர் நீளமும் 156 மீட்டர் அகலமும் உடைய நீள்வட்டம். ஏறத்தாழ ஐம்பதாயிரவர் அமர்ந்து, மனிதன் மனிதனையும் விலங்கையும் கொல்வதைக் கண்டு களித்த இடம். அனுபுவில் உள்ளதோ நாற்கோணமானது. நடுவிலுள்ள களம் ஐம்பதடி அளவே. நான்கு புறமும் படிப்படியாய் உயரும் செங்கல் இருக்கைகள். மேலே பாவியவை பல்நாட்டுச் சுண்ணக்கல் பலகைகள். பக்கத்துக் குன்றின்மீது, குழந்தைகளைக் காக்கும் தெய்வமாகிய ஆரிதியின் கோயில்.

அப்படியாயின் இதனை உரோமருடையது என்பானேன்? காரணம் இல்லாமல் இல்லை. விசயபுரியில் உரோமரின் பொற்காசுகள் கிடைத்துள்ளன. அந்நகரத்துத் தூண் ஒன்றில், தாடியுடன், கையிற் கொம்புக் கிண்ணம் ஏந்தி, அருகே மதுச்சாடியோடு நிற்கும் ஓர் உருவம் உண்டு. அது யவனரின் மதுத்தெய்வமாகிய டயோனிசசின் சாயல் என்பர். களத்தைச் சுற்றி நாற்புறமும் மக்களை அமர்த்துவதும் உரோமரின் முறையே. மறுபுறத்தையும் பார்த்தல் வேண்டும். பரதரின் நாட்டிய சாத்திரம் சதுரமும் நீள்சதுரமுமான அரங்குகளைச் சொல்கிறது. காண்போர் இருக்கைகளைச் செங்கல்லாலும் மரத்தாலும் படிக்கட்டுப் போல் அமைக்கவும் சொல்கிறது. நம் சேரநாட்டு இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் மாதவிக்கு அமைத்துத் தந்த மேடை ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் உடையது. வட்டம் எங்கும் இல்லை. கடல் கடந்து வந்தோர் வாயிலாக அரங்கின் செய்தி மட்டும் வந்திருக்கும். கொத்தனார் தம் கோலையும் கயிற்றையும் கொண்டே கட்டியிருப்பார். இஃது எம் கருத்து. யவனர் புகழை இரவல் வாங்கினால்தான் இதற்குப் பெருமை என்று நினைப்பாரோடு யாம் உடன்படோம்.

ஆனால் எம்முள் மூண்ட பெரிய வழக்கு வேறொன்று. ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர், "பெயர்த்துக் கட்டிய பின் இது பழைய அரங்கம் ஆகுமா? இடம் போனபின் கல் மட்டும் எதற்கு?" என்றார். சிலர் மறுத்தனர், சிலர் வாளா இருந்தனர். அவ்வினா எமக்குச் சற்றுச் சுட்டது. நம் காலனியில் பலர் பிழைப்புக்காகத் தென்காசியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்தவர்கள். வேறு சிலர் வீட்டை விட்டு அசையவே இல்லை. 1956 நவம்பர் முதல் நாள் எல்லைக்கோடுதான் நகர்ந்தது.

அவ்வேளையில் எம்முடன் வந்த நாஞ்சில் நாட்டுப் பாட்டி ஒருவர், வெயில் தாளாமல் நடுக்களத்துக் கல்லில் அமர்ந்துவிட்டார். பேரப்பிள்ளைகள் மேற்படிக்கு ஓடினர். அவர்களைக் கூவி அழைக்கும் வலிமை அவருக்கு இல்லை, வீட்டில் பேசுவது போலவே, "மக்களே, நான் பேசுறது கேக்குதா?" என்றார். "கேக்குது பாட்டி!" என்று மேலிருந்து விடை வந்தது. பாட்டிக்கே வியப்பு. பிறகு அவர், தம் பிள்ளைகளை உறங்க வைத்த பழைய தாலாட்டை மெல்லப் பாடத் தொடங்கினார். யாமும் மேற்படிக்கு ஏறிச் சென்று நின்றோம். ஒவ்வொரு சொல்லும் தெளிவாய் வந்தது. வாயிற்காவலர் தெலுங்கர், பொருள் அறியாதவர், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாட்டு முடியுமட்டும் நின்றார். பொறியாளர் மீண்டும் வழக்கை எடுக்கவில்லை. தாம் கேட்டது தவறு என்றும் அவர் சொல்லவில்லை.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லல் வேண்டும். அந்நகரத்தில் போதிசிரி என்னும் உபாசிகை ஒரு சைத்தியம் எடுப்பித்தார். வீரபுருசதத்தன் என்னும் மன்னனின் பதினான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அதனைக் கூறுகிறது. காசுமீரம், காந்தாரம், சீனம் முதலாகப் பல நாடுகளை அது அடுக்கிச் செல்கிறது. அவ்வரிசையில் யவனத்திற்கு அடுத்து வருவது தமிழம். எழுத்துகள் தேய்ந்த இடம் அது. அறிஞர் நிரப்பிப் படித்த பாடம். ஆயினும் யவனமும் தமிழமும் ஒரே கல்லில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைச் சிறுவனிடம் சொன்னபோது, அவன் அதனைத் தன் குறிப்பேட்டில் இருமுறை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டான்.

மறுநாள் மலையுச்சி அருங்காட்சியகத்திற்குப் படகில் சென்றோம். நடுவழியில் அவன் படகோட்டியிடம், அரங்கம் முன்பு எங்கே இருந்தது என்று கையாலும் வாயாலும் கேட்டான். அவர் ஒரு புறம் கை காட்டினார். எல்லோரும் அத்திசையில் எட்டிப் பார்த்தோம். தண்ணீர்தான் தெரிந்தது.