சொல்லின் மேலாடை
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடித் தமிழ் வளர்த்துவரும் இவ்வட்டத்தில், ஒரு கடனைத் தீர்ப்பதற்காகவே இன்று எழுந்து நிற்கிறேன். வட்டம் தோன்றிய இரண்டாம் ஆண்டில், உடையும் உறையும் குறித்த அரபி, ஆங்கிலச் சொற்களைப் பற்றி இதே மேடையில் ஒரு கட்டுரை படித்தேன். மூடுதல் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் 'கவர்' என்னும் சொல் உண்டு. அதே பொருளில் அரபியில் 'கஃபர' உண்டு. எனவே ஆங்கிலச் சொல் அரபியின் பிள்ளையே என்று முழங்கினேன். கைதட்டலும் கிடைத்தது. கூட்டம் கலைந்தபின், அரபிக் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்த பெரியவர் ஒருவர் என்னருகே வந்து, "தம்பி, ஒரே நிறத்தில் சட்டை போட்டிருந்தால் இருவரும் உடன்பிறந்தவர் ஆகிவிடுவார்களா?" என்று மெல்லக் கேட்டார். அவ்வினாவுக்கு விடை தேடிய கதையே இவ்வுரை.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலக் 'கவர்' பழைய பிரெஞ்சு மொழி வழியே இலத்தீனிலிருந்து வந்தது. இலத்தீனில் அதன் வடிவம் 'கோ' என்னும் முன்னொட்டும் 'ஒபெரீரே' என்னும் வினையும் சேர்ந்தது. ஒபெரீரே என்றால் மூடுதல். அதற்கு எதிரான 'அபெரீரே' என்றால் திறத்தல். ஒளிப்படக் கலைஞர்கள் சொல்லும் 'அப்பெர்ச்சர்' இந்தத் திறத்தலிலிருந்து பிறந்ததே. ஆக, நான் வேரெழுத்து என்று எண்ணிய ககரம் வெறும் முன்னொட்டு. அரபியிலோ காஃப், ஃபா, ரா என்ற மூன்றும் வேரெழுத்துகள். முன்னொட்டை நீக்கிவிட்டுப் பார்த்தால் இரு சொற்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

'கவர்' என்னும் சொல்லின் உண்மையான சுற்றத்தார் வேறிடத்தில் இருக்கிறார்கள். நாம் 'கர்ச்சீப்' என்று சுருக்கிவிட்ட சொல்லின் பிற்பகுதிக்குப் பிரெஞ்சில் 'தலையை மூடுவது' என்று பொருள். தலையில் இருந்த துணி ஆங்கிலத்தில் கைக்கு வந்து, இன்று நம் சட்டைப் பையில் அடங்கிக் கிடக்கிறது. செய்தித்தாள்களில் நாம் காணும் 'கர்ப்யூ' என்பதன் மூலப்பொருள் 'நெருப்பை மூடு' என்பதாகும். இடைக்கால ஐரோப்பாவில் மாலையில் மணி ஒலித்ததும் அடுப்பு நெருப்பை மூடிவைக்க வேண்டும் என்றிருந்த வழக்கமே பின்னர் ஊரடங்காயிற்று.

அப்படியானால் அரபியும் ஆங்கிலமும் உடை மாற்றிக்கொள்ளவே இல்லையா? மாற்றிக்கொண்டன. ஆனால் அங்கெல்லாம் சொல் தனியே பயணம் செய்யவில்லை. சரக்கோடு சேர்ந்து சென்றது. அரபியின் 'குத்ன்' இத்தாலி, பிரான்சு வழியே ஆங்கிலத்தில் 'காட்டன்' ஆயிற்று. தலைப்பாகைக்குரிய மெல்லிய துணியைக் குறித்த 'ஷாஷ்' ஆங்கிலத்தில் 'சாஷ்' ஆகித் தலையிலிருந்து இடுப்புக்கு இறங்கிக் கச்சையானது. ஈராக்கின் மோசூல் நகரப் பெயரே 'மஸ்லின்' என்னும் துணிப்பெயரில் நிலைத்திருக்கிறது.

'மோஹேர்' என்னும் ஆட்டுமயிர்த் துணியின் கதை எனக்கு ஒரு கண்ணாடி. அரபியில் அது 'முகய்யர்'. தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பொருள். அதைக் கேட்ட ஆங்கிலேயர், மயிர்த் துணி ஆயிற்றே என்று கடைசிப் பகுதியை 'ஹேர்' என்று ஆக்கிக்கொண்டனர். ஒலி ஒத்தது, பொருளும் பொருந்தியது. ஆனால் வரலாறு வேறு. நான் மேடையில் செய்த பிழையை ஒரு மக்கள் கூட்டமே பல நூற்றாண்டுகளுக்கு முன்பு செய்திருக்கிறது.

கடன் ஒருவழிப் பாதையும் அன்று. இலத்தீனில் 'கமீசியா' எனப்பட்ட உள்ளாடை அரபியில் 'கமீஸ்' ஆயிற்று. யூசுப் நபியின் வரலாற்றைக் கூறுமிடத்தில் திருக்குர்ஆனிலேயே இச்சொல் வருகிறது. உருது வழியே அது நம்மிடம் 'கமீஸ்' என வந்தது. அதே இலத்தீன் சொல் போர்த்துக்கீசியரோடு கடல் கடந்து இலங்கை சேர்ந்து, சிங்களத்தில் 'கமிசய' என வழங்குகிறது. ஆங்கிலத்தில் அது 'ஷெமீஸ்'.

நம் அறிஞர்கள் மேடைக்கு வரும்போது அணியும் ஜிப்பாவையும் சற்று நோக்குங்கள். அரபியின் 'ஜுப்பா' உருதுவைக் கடந்து நம்மிடம் ஜிப்பா ஆயிற்று. அதே ஜுப்பா இத்தாலி வழியே பிரெஞ்சில் 'ஜூப்' என்னும் பாவாடை ஆயிற்று. நம் பாட்டிமார் ரவிக்கையைச் சொன்ன 'ஜம்பர்' என்னும் ஆங்கிலச் சொல்லும் இந்தக் கிளையில் வந்திருக்கலாம் என்பது சொற்பிறப்பியலார் பலரின் கருத்து. அது சரியானால், தாத்தாவின் ஜிப்பாவும் பாட்டியின் ஜம்பரும் ஒரே தறியில் பிறந்து, இரு திசைகளில் உலகைச் சுற்றி, நம் வீட்டுக் கொடியில் அருகருகே உலர்ந்தன என்று சொல்லலாம். 'சரியானால்' என்ற அந்த ஒரு சொல்லை முன்பு நான் சொல்லத் தவறினேன்.

இனி அந்தப் பெரியவர் எனக்குக் கற்பித்த இரண்டாம் பாடம். அரபியில் 'கஃபர' என நாம் எழுதக்கூடிய சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று காஃப் என்னும் எழுத்தில் தொடங்குவது. மற்றொன்று கைன் என்னும் எழுத்தில் தொடங்குவது. நம் எழுத்தில் இரண்டும் ககரமே. வியப்பு என்னவெனில், இரண்டுக்கும் அடிப்படைப் பொருள் மூடுதலே என்று அரபி அகராதியாளர் கூறுவர். விதையை மண்ணால் மூடும் உழவனையும், உலகை இருளால் மூடும் இரவையும் பழைய அரபி முதற்சொல்லின் வழியில் 'காஃபிர்' என்றது. பெற்ற நன்மையை மூடி மறைத்தல் நன்றி மறத்தல் ஆயிற்று. இரண்டாம் சொல்லிலிருந்து போர்வீரன் தலையைக் காக்கும் 'மிக்ஃபர்' என்னும் இரும்பு வலைக்கவசம் பிறந்தது; பிறர் குற்றத்தை மூடுதல் மன்னித்தல் ஆயிற்று. அப்துல் கபூர் என்னும் பெயரிலுள்ள 'கபூர்' பெரிதும் மன்னிப்பவனாகிய இறைவனைக் குறிக்கும். முதலெழுத்தைக் காஃபாக மாற்றிவிட்டால், அதே சொல் பெரிதும் நன்றி மறப்பவனைக் குறித்துவிடும்! ஒலி ஒப்புமையை மட்டும் நம்புகிறவன் எத்தகைய பள்ளத்தில் விழுவான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கே ஒன்று கேட்கலாம். உறவில்லை என்று தெரிந்தபின் இரு மொழிகளை ஒப்பிடுவதில் பயன் என்ன? பயன் உண்டு. அரபியில் 'கஷஃப' என்றால் மூடியதை விலக்குதல். அதிலிருந்து பிறந்த 'இக்திஷாஃப்' கண்டுபிடிப்பைக் குறிக்கிறது. ஆங்கிலத்தின் 'டிஸ்கவர்' என்பதும் மூடியை விலக்குதலே. ஒன்றிடமிருந்து மற்றொன்று பிறக்காத இவ்விரு சொற்களும், அறிதல் என்பது திரை விலக்குதல் என்றே எண்ணுகின்றன. நாம் பாம்பு உரித்த தோலைச் 'சட்டை' என்கிறோம்; உடையையும் சட்டை என்கிறோம். அரபியர் தோலை 'ஜில்த்' என்பர். நூலின் கட்டடத்தையும் ஜில்த் என்பர். மொழிகளுக்குள் குருதி உறவு இல்லாதபோதும் மனிதர்க்குள் எண்ண உறவு இருக்கிறது. பொய்யான பிறப்புச் சான்றிதழைவிட இந்த உறவு பெரிதன்றோ!

நம் மொழி ஆர்வலர்க்கும் இதைப் பணிவோடு சொல்வேன். அறிவு மூடியவன் ஆதலால் 'மூடன்' என்றால் அவை மகிழும். ஆனால் 'மூடு' தமிழ். 'மூடன்' வடமொழி 'மூட' என்பதிலிருந்து வந்தவன். அரபி 'மத்ரஹ்' என்பதிலிருந்து வந்த ஆங்கில 'மேட்ரஸ்' நம் மெத்தையை நினைவூட்டும். ஆனால் நம் மெத்தை மென்மை குறித்த திராவிட வேரில் பிறந்தது. தமிழின் பெருமைக்கு உண்மையான சான்றுகள் ஏராளமாக இருக்கையில், ஒரு பொய்ச் சான்று பிடிபட்டால் மெய்ச் சான்றுகளையும் உலகம் ஐயுறும். சொல்லாராய்ச்சியில் அதுவே நாம் இழக்கக்கூடிய பெருஞ்செல்வம்.

கடனைச் சொல்லி முடிக்கிறேன். அந்தப் பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அன்று எழுந்து நின்று என்னை அவையில் மறுத்திருக்கலாம். கூட்டம் முடியும்வரை காத்திருந்தார். என் பிழையைப் பிறர் காணாமல் மூடிவிட்டு, எனக்கு மட்டும் திறந்து காட்டினார். அது கைனில் தொடங்கும் 'கஃபர'. அவருக்குரிய நன்றியை நான் மறைத்தால் அது காஃபில் தொடங்குவதாகிவிடும். கட்டிய நூலை அரபியர் 'முஜல்லத்' என்பர். தோல் போர்த்தப்பட்டது என்று பொருள். விழா மலராக இவ்வுரையும் மேலாடை அணியும்போது, என் பழைய பிழை அதனுள் மறையாமல், திருத்தத்தோடு திறந்தே இருக்கட்டும்.