என் அறைத் தோழன் ஒரு மிஷனரி

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அமெரிக்க அனுபவம் பற்றி ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். வேலை, சம்பளம், வீடு, கார் பற்றியெல்லாம் இங்கே நிறைய பேர் பேசிவிட்டார்கள். நான் ஒரு பையனைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். அவனோடு நான் ஒரே வீட்டில் மூன்று வருஷம் இருந்தேன்.

1982-ல் மேல்படிப்புக்காக யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டிக்குப் போய் இறங்கினேன். சுற்றிலும் மலை, நடுவில் ஊர். மார்மன்கள் கட்டிய ஊர் அது. 1847 ஜூலையில் பிரிகாம் யங் என்பவர் தலைமையில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நகரத்தின் நடுவில் இருக்கிற அவர்கள் கோவிலை 1853-ல் ஆரம்பித்து 1893-ல் முடித்தார்கள். நாற்பது வருஷம்! நம்ம ஊர் ராஜகோபுரத் திருப்பணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். (இப்போது அவர்கள் 'மார்மன்' என்ற பெயரை விரும்புவதில்லை. சபையின் முழுப் பெயரையே சொல்ல வேண்டும் என்று 2018-ல் அவர்கள் தலைவர் கேட்டுக்கொண்டார். அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்னதையே நான் சொல்கிறேன், மன்னிக்கணும்.)

வாடகையைப் பங்கு போட ஆள் தேடினேன். கிடைத்தவன் இந்தப் பையன். என் வயதுதான். பால் பண்ணைக்காரர் மகன். ஜப்பானில் இரண்டு வருஷம் மதப் பிரசாரம் செய்துவிட்டு 1981-ல்தான் திரும்பியிருந்தான். அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். 'சரிதான், வாடகையோடு நம்மையும் சேர்த்து மாற்றிவிடுவான்' என்று நினைத்தேன்.

அவர்கள் சபையில் பையன்கள் 19 வயதானால் இரண்டு வருஷம் இப்படிப் போவது வழக்கம். 2012-லிருந்து 18 வயதிலேயே போகலாம். எந்த நாடு என்பதைச் சபைதான் முடிவு செய்யும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு கடிதம் வரும், குடும்பமே கூடி நின்று பிரிக்கும். சம்பளம் கிடையாது. செலவு முழுக்க அவனுடையது, இல்லை அப்பாவுடையது. 1991-ல்தான் எல்லோருக்கும் ஒரே தொகை என்று ஆக்கினார்கள். அதுவரைக்கும் ஜப்பான் மாதிரி விலைவாசி அதிகமான நாட்டுக்குப் போகிறவன் பாடு திண்டாட்டம். இவன் பள்ளிக்கூட நாளிலிருந்தே மாடு கறந்து சேர்த்த பணத்தைக் கொண்டு போனான்.

முதலில் பிரோவோ என்கிற ஊரில் பயிற்சி நிலையம். இரண்டு மாதத்தில் ஜப்பானிய மொழி. பிறகு வெள்ளைச் சட்டை, டை, சட்டைப் பையில் கறுப்புப் பெயர்ப் பலகை. அதில் பெயருக்கு முன்னால் 'எல்டர்' என்று இருக்கும். மூத்தவர் என்று அர்த்தம். பத்தொன்பது வயதுப் பையனை நம்ம தெருவில் "வாங்க மூத்தவரே" என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்! எப்போதும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். சினிமா, டி.வி., பெண் சிநேகம் எதுவும் கூடாது. அந்த நாளில் வாரம் ஒரு கடிதம் எழுதலாம். வீட்டோடு போனில் பேசியது கிறிஸ்துமஸ், அன்னையர் தினம் மாதிரி நாட்களில்தான்.

இவனுக்குக் கிடைத்தது வடக்கே ஹொக்கைடோ தீவு. பனியில் சைக்கிள் மிதித்து வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டும். ஜப்பானியர்கள் முகத்தில் அடித்த மாதிரி 'போ' என்று சொல்வதில்லையாம். தலை குனிந்து, மரியாதையாக, "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார்களாம். "திட்டினாலாவது பதில் சொல்லலாம். இவ்வளவு மரியாதைக்கு என்ன பதில் சொல்வது?" என்பான். அவன் சபையார் 1901-லேயே ஜப்பானுக்குப் போய், பலன் போதாமல் 1924-ல் மூடிவிட்டுத் திரும்பி, 1948-ல் மறுபடி போனவர்கள். நம்ம சென்னைக்குக்கூட 1853-ல் ரிச்சர்டு பாலன்டைன் என்பவர் கப்பலேறி வந்து பார்த்தார். அடுத்த வருஷமே கிளம்பிவிட்டார்.

அவனுக்குப் பெரிய சங்கடம் தேநீர். காபி, டீ, மது, புகையிலை நாலும் அவர்களுக்கு ஆகாது. ஜப்பானில் ஒரு வீட்டுக்குள் விட்டார்கள் என்றால் முதலில் வருவது பச்சைத் தேநீர்தான். வேண்டாம் என்றால் வீட்டுக்காரருக்கு முகம் வாடும். வாற்கோதுமை வறுத்துப் போட்ட தண்ணீர் இருந்தால் தப்பித்தான். அது கூடும். இதை அவன் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஏனென்றால், யார் வீட்டுக்குப் போனாலும் "மாமிசம் சாப்பிட மாட்டேன்" என்று சொல்லி நானும் அதே முழி முழித்துக்கொண்டிருந்தேன். காலையில் நான் காபி போட்டால் அவன் ஜன்னலைத் திறப்பான். "வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, அதனால்தான் திறக்கிறேன்" என்பான்.

1983 நவம்பரில் எனக்குத் தந்தி வந்தது. அப்பா போய்விட்டார். தந்தி கைக்கு வரும்போது காரியம் முடிந்து இரண்டு நாள். நான் தலைமகன். கொள்ளி வைத்தது தம்பி. டிக்கெட்டுக்குப் பணமும் இல்லை, போனாலும் பார்க்க முகம் இல்லை. குளித்துவிட்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். பைபிள் எடுக்கவில்லை, பிரார்த்தனை பண்ணலாமா என்று கேட்கவில்லை. அவன் சபை வட்டாரத்துப் பெண்கள் சாவு வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டு வருவார்கள். உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சூளையில் வைத்துச் செய்வது. அதில் கோழி சூப் ஊற்றுவது வழக்கம். இவன் முன்னாடியே சொல்லி அதை நிறுத்தியிருக்கிறான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று இரவுதான் அவன் தன் கதையைச் சொன்னான். ஹொக்கைடோவில் அவன் இருந்தபோது அவன் அப்பாவும் இறந்துவிட்டார். மாரடைப்பு. "நீ போய் வரலாம், உன் விருப்பம்" என்று பொறுப்பாளர் சொன்னார். அம்மாவைக் கூப்பிட்டான். "அப்பா நீ அங்கே இருப்பதைத்தான் விரும்புவார்" என்று அம்மா சொல்லிவிட்டார். அங்கேயே இருந்துவிட்டான். மறுநாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு கதவு தட்டப் போனான்.

அந்தத் தெருவில் ஒரு கிழவி. எத்தனை தடவை போனாலும் கும்பிட்டுக் கதவைச் சாத்துகிறவள். அன்றைக்கு இவன் முகத்தைப் பார்த்து "என்ன?" என்று கேட்டாள். கூட இருந்தவன் சொன்னான். அவள் ஒன்றும் பேசாமல் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டாள். ஜப்பானியர் வீட்டில் இறந்தவர்களுக்காக ஒரு மாடம் இருக்கும், புத்சுதான் என்பார்கள். அதன் முன் ஊதுவத்தி ஏற்றி, சின்ன மணியைத் தட்டி, அவன் அப்பா பெயரைக் கேட்டுக்கொண்டு அவருக்காகக் கும்பிட்டாள். வாயில் நுழையாத பெயர், தப்பாகத்தான் சொன்னாளாம். இவனும் தலை குனிந்து நின்றான். செய்யலாமா கூடாதா என்று அப்போது தோன்றவே இல்லை என்றான். பிறகு அவள் தேநீர் கொண்டு வரவில்லை, வெந்நீர் கொண்டு வந்தாள். அத்தனை நாள் கதவைச் சாத்தினாலும், இவன் எதைக் குடிப்பான், குடிக்கமாட்டான் என்று தெரிந்து வைத்திருந்தாள்.

இதைக் கேட்ட எவனும் நெகிழ்ந்திருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "எனக்குப் போக வழியில்லை. உனக்கு வழி இருந்தது. இருந்தும் போகலையா? கடவுள் பெயரைச் சொல்லி அப்பாவை விட்டுட்டியா?" என்று கேட்டேன். துக்கத்தில் கேட்டது என்று இன்று சொல்லலாம். அன்று கோபத்தில்தான் கேட்டேன், அவனுக்கு வலிக்கணும் என்றே கேட்டேன். அவன் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். ஒரு மாதம் உப்புக்கும் புளிக்கும் மட்டுமே பேசினோம். கிறிஸ்துமஸுக்குப் பண்ணைக்கு வா என்று அவன்தான் கூப்பிட்டான். போனேன். அவன் அம்மா எனக்காகத் தனியாகச் சமைத்தார். அப்பாவின் கல்லறைக்கு என்னையும் கூட்டிப் போனான். பனியைக் கையால் துடைத்தான். அங்கே வைத்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவன் என்னை மாற்றினானா என்று இங்கே சிலர் கேட்பீர்கள். இரண்டு தடவை சபைக்குக் கூப்பிட்டான், ஒரு தடவை போனேன், பாட்டு நன்றாக இருந்தது. என் பையில் அம்மா அனுப்பிய விபூதிப் பொட்டலம் அப்படியே இருந்தது. ஜப்பானில் இரண்டு வருஷத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று நான் ஒருநாள் கேட்டேன். "ஒரே ஒருத்தர். அவரும் பிறகு வருவதில்லையாம்" என்றான். அதைச் சொன்னபோது அவன் முகத்தில் தோல்வி தெரிந்தது. நானும் ஆறுதல் சொல்லப் போகவில்லை.

2019 அக்டோபரில் அவன் வீட்டில் நாலு நாள் தங்கினேன். தலை நரைத்துப் பேரப்பிள்ளை எடுத்துவிட்டான். கடைக்குட்டிப் பையன் அப்போது மிஷனரியாகப் பிலிப்பைன்ஸில் இருந்தான். அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து வாரம் ஒரு தடவை வீட்டோடு பேசலாம் என்று சபை விதியைத் தளர்த்தியிருந்தது. படத்தோடேயே பேசினான். வெள்ளைச் சட்டை, வியர்வை, பின்னால் சேவல் கூவுகிற சத்தம். அம்மாவுக்குக் கொஞ்ச நாளாக நெஞ்சு வலி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. "அப்பா, அம்மாவுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்யணும்?" என்று கேட்டான்.

என் நண்பன் உடனே பதில் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். முப்பத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

"வந்துவிடு. யாரையும் கேட்காதே, என்னையும் கேட்காதே, வந்துவிடு" என்றான்.

பேசி முடித்ததும் அடுப்படிக்குப் போனான். அலமாரியின் மேல்தட்டில் எனக்கென்றே வாங்கி வைத்திருந்த காபித் தூளை எடுத்தான். எவ்வளவு போடணும் என்று கேட்டான். நான் சொன்னேன்.