பாலைவனத்தின் மழைக்கணக்கு

தார் பாலைவனத்து ஜெய்சல்மேரில் ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அந்தச் சராசரியை நம்பி யாரும் விதைப்பதில்லை. ஒரு வருஷம் பொய்க்கும், மறு வருஷம் கொட்டும்.

2006 ஆகஸ்டில் பக்கத்துப் பார்மேர் மாவட்டத்தில் ஓராண்டு மழையைவிட அதிகம் சில நாட்களிலேயே பெய்தது. கவாஸ் கிராமம் மூழ்கியது. மணல்தானே, உறிஞ்சிவிடாதா? அடியில் ஜிப்சம் படிவு இருந்தது. நீர் இறங்க வழியின்றி வாரக்கணக்கில் தேங்கியது. வறட்சிக்கே பழகியவர்கள் வெள்ளத்துக்கு எப்படித் தயாராவார்கள்?

2016 மே 19 அன்று அதே பாலைவனத்துப் பலோடியில் வெப்பம் 51 டிகிரி. ஒருநாள் உச்சத்தை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது. முப்பது வருஷப் பதிவாவது வேண்டும். அந்தப் பதிவுகளும் வெப்பம் ஏறுவதையே காட்டுகின்றன. மேற்கு ராஜஸ்தானில் மழையும் அண்மைப் பத்தாண்டுகளில் கூடியிருக்கிறது. நல்ல செய்திதானே என்று மகிழ முடியவில்லை. கூடுதல் மழை கனமழையாக வந்தால் ஓடிப்போகிறது. நின்றதை வெயில் குடித்துவிடுகிறது.

அதனால்தான் அங்குள்ளவர்களின் டாங்கா எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வீட்டருகே மூடிபோட்ட நிலத்தடித் தொட்டி, சுற்றிலும் அதை நோக்கிச் சரியும் தரை. மழைக்கு முன் அந்தத் தரையைப் பெருக்கிவைக்கிறார்கள். மூடி இருப்பதால் நீர் அதிகம் ஆவியாவதில்லை.