இரு பேரரசுகளுக்கு இடையில் ஓர் இளங்குடியரசு



விடுதலை பெற்ற நாடுகளின் வரலாற்றைப் படிப்பார் பலரும் கொடியேற்றிய நாளோடு நூலை மூடிவிடுவர். அந் நாளுக்குப் பிற்பட்ட பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளை ஊன்றிப் படிப்பார் மிகச் சிலரே. அமெரிக்க ஒன்றிய நாடுகளின் அத்தகைய முதற் பன்னிரண்டு ஆண்டுகள், 1789 முதல் 1801 வரை, ஈண்டு ஆராயப் பெறுகின்றன.

1783-இல் பாரிசு உடன்படிக்கையால் இங்கிலாந்து அந் நாட்டின் விடுதலையை ஒப்புக்கொண்டது. 1789 ஏப்பிரல் 30-ஆம் நாள் நியூயார்க்கு நகரில் சியார்சு வாசிங்டன் முதற் குடியரசுத் தலைவராக உறுதிமொழி ஏற்றார். (அவரிடம் 1781-இல் யார்க்குடவுனில் தோற்ற காரன்வாலிசு, அந்த ஏப்பிரலில் கல்கத்தாவில் ஆங்கிலக் கும்பெனியின் தலைமை ஆளுநராக வீற்றிருந்தான் என்பதை நம்மவர் நினைவிற் கொள்க. அங்கே இழந்ததை இங்கே ஈடுசெய்துகொண்டிருந்தான்!) வாசிங்டன் கைக்கு வந்த அரசு எத்தகையது? 1790-இல் எடுத்த முதற் குடிக்கணக்கின்படி மக்கள் ஏறத்தாழ 39 இலக்கம். அவருள் ஏறக்குறைய 7 இலக்கம் பேர் அடிமைகள். போர்க்கப்பல் ஒன்றுகூட இல்லை. விடுதலைப் போரில் எஞ்சிய கடைசிக் கப்பலை 1785-இலேயே விற்றுவிட்டனர். உடன்படிக்கைப்படி நீங்கியிருக்கவேண்டிய திட்ராயிட்டு, நயாகரா முதலிய எல்லைக் கோட்டைகளில் ஆங்கிலப் படை அசையாது அமர்ந்திருந்தது. மிசிசிப்பி ஆற்றின் முகவாய் இசுப்பானியர் கையில்.

இந் நிலையில் அமைச்சரவைக்குள்ளேயே இரு நோக்குகள் முளைத்தன. கருவூல அமைச்சர் அலெக்சாண்டர் ஆமில்டன், அரசின் வருவாயெல்லாம் இறக்குமதித் தீர்வையே ஆகலானும், அவ் விறக்குமதியிற் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்தே வருதலானும், இங்கிலாந்தொடு பகைப்பது கருவூலத்தைத் தாமே பூட்டுவதாகும் என்றார். வெளியுறவு அமைச்சர் தாமசு செபர்சனோ, இடுக்கண் உற்றகாலை படையும் பொருளும் தந்து உதவிய பிரான்சை மறத்தல் நன்றிகொன்றதாகும் என்றார். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. பின்னர்க் கூட்டரசுக் கட்சி, குடியரசுக் கட்சி என இரண்டு கட்சிகள் தோன்றியதற்கு இப் பிளவும் ஒரு பெருங் கரணியம்.

1793 சனவரியில் பிரஞ்சு மக்கள் தம் அரசனின் தலையை வெட்டினர். அடுத்த திங்களே இங்கிலாந்தின்மீது போர் தொடுத்தனர். அப் போரின் தீப்பொறி நம் கடற்கரையிலும் விழுந்தது. அவ் வாண்டே ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றினர். அமெரிக்காவுக்கு வந்த இடர் வேறுவகையானது. 1778-இல் பிரான்சொடு செய்த நட்புடன்படிக்கை உயிரோடு இருந்தது. அதை அரசனொடு செய்தோம். அரசன் போனான், அதுவும் போயிற்று எனலாமா? ஆமில்டன் ஏறத்தாழ அவ்வாறே வழக்காடினார். உடன்படிக்கை இரு நாட்டு மக்களிடையே நிகழ்ந்தது. ஆள்வோர் மாறினும் மக்கள் மாறார் என்று செபர்சன் மறுத்தார். வாசிங்டன் உடன்படிக்கையை முறிக்கவுமில்லை, போரில் இறங்கவுமில்லை. ஏப்பிரல் 22-ஆம் நாள் ஓர் ஆணையறிக்கை விடுத்தார்.

சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடையார் இவ் விடத்தில் சற்றே நிற்றல் வேண்டும். வரலாற்று நூல்கள் அனைத்தும் அதனை 'நடுநிலை அறிக்கை' என்றே வழங்குகின்றன. ஆனால் 'நடுநிலை' எனும் அச் சொல் அறிக்கையில் ஓரிடத்தும் இல்லை! அச் சொல்லை இட்டுவிட்டால், நடுநிலை நிற்பதற்கு ஈடாக இரு பேரரசுகளிடமும் கடல் வணிக உரிமைகளைப் பேரம்பேசிப் பெறும் வாய்ப்பு வீணாகும் எனச் செபர்சன் கருதினார். எனவே, இரு திறத்தாரிடத்தும் நட்பொடும் ஒருபாற் கோடாமலும் ஒழுகுவோம் என்னும் கருத்தமைய எழுதினர். ஒரு சொல்லை எழுதாமல் விடுவதும் அரசியலே என்பதை அவ் வமைச்சரவை அறிந்திருந்தது.

அவ்வேளை பிரஞ்சுத் தூதுவன் எட்மண்டு செனே என்பான் சார்லசுடன் துறையில் வந்திறங்கினான். வழிநெடுக மாலையும் விருந்தும். தலைமயங்கிய அவ் விளைஞன், அமெரிக்கத் துறைகளிலேயே கொள்ளைக் கப்பல்களை அணியப்படுத்தி ஆங்கில மரக்கலங்களைப் பிடிக்க ஏவினான். தலைவர் தடுத்தால் அவரை விடுத்து மக்களிடமே முறையிடுவதாகவும் அச்சுறுத்தினான். செபர்சனுக்கே பொறுக்கவில்லை. அவனைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு வாசிங்டன் அரசு கேட்டது. அதற்குள் பாரிசில் ஆட்சி மாறி, அவனைத் தளையிட்டு அனுப்புமாறு புதிய ஆட்சியாளர் ஆணையிட்டனர். போனால் தலை தப்பாது. தம்மை அத்துணை அலைக்கழித்தவனையும் வாசிங்டன் காட்டிக்கொடுக்கவில்லை. தங்க இடம் தந்தார். செனே நியூயார்க்கு ஆளுநரின் மகளை மணந்து, உழவனாகி, 1834 வரை அங்கேயே வாழ்ந்தான்.

இங்கிலாந்தும் சும்மா இருக்கவில்லை. மேலையிந்தியத் தீவுகளின் பக்கம் சென்ற 250-க்கு மேற்பட்ட அமெரிக்க மரக்கலங்களை அது பிடித்துக்கொண்டது. போர் வந்தேவிட்டது என எல்லாரும் நினைத்தபோது, வாசிங்டன் தலைமை முறைமன்ற நடுவர் சான் சே என்பவரை இலண்டனுக்கு விடுத்தார். 1794 நவம்பரில் அவர் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் எல்லைக் கோட்டைகளை விடுவதாக ஆங்கிலேயர் ஒப்பினர். 1796-இல் விட்டும் நீங்கினர். ஆனால் அமெரிக்கக் கடலோடிகளைப் பிடித்துத் தம் கப்பற்படையில் வலிந்து சேர்க்கும் கொடுமையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஊர்தோறும் சே-யின் பொம்மையை எரித்தனர். மேலவையில் 20-க்கு 10 என, மூன்றில் இரு பங்கு என்னும் வரம்பைத் தொட்டும் தொடாமலும் அது நிறைவேறியது. பணம் ஒதுக்கும் வழக்கு பேராளர் அவையில் 51-க்கு 48 எனத் தப்பியது. அவ் வுடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு, கிழக்கிந்தியாவில் ஆங்கிலர் ஆண்ட துறைகளிலெல்லாம் அமெரிக்கர் வணிகம் செய்ய இசைவளித்தது. சென்னையும் அதனுள் அடங்கும். சென்னைத் துறையில் எவர் வணிகம் செய்வதென்பது இலண்டனில் முடிவாயிற்று. சென்னை மக்களை எவரும் உசாவவில்லை.

1796 செப்தம்பரில், மூன்றாம் முறை நிற்க மறுத்து, வாசிங்டன் தம் பிரியாவிடையுரையை வெளியிட்டார். தேர்தலில் சான் ஆடம்சு 71 ஒப்போலை பெற்றுத் தலைவரானார். 68 பெற்ற செபர்சன் அன்றைய முறைப்படி துணைத்தலைவரானார். எதிரெதிர்க் கட்சியினர் இருவர் ஒரே ஆட்சியில்!

இப்போது சினந்தது பிரான்சு. 1797 நடுவிற்குள் முந்நூறுக்கு மேற்பட்ட அமெரிக்கக் கலங்களைப் பிடித்தது. ஆடம்சு மூவரைப் பாரிசுக்கு விடுத்தார். பிரஞ்சு வெளியுறவு அமைச்சன் தலேராணின் ஆள்கள் அவர்களை மறைவிற் கண்டு, பேச்சைத் தொடங்குமுன் 50,000 பவுண்டு கையூட்டும், நாட்டுக்குப் பெருங்கடனும் கேட்டனர். தூதுவர் மறுத்தனர். மடல்களை ஆடம்சு மறைக்கின்றார், வெளியிடுக என்று எதிர்க்கட்சியாரே வற்புறுத்த, 1798 ஏப்பிரலில் அவர் வெளியிட்டார். கேட்டவர்கள் வாயடைத்துப் போயினர். நாடெங்கும் போர்வெறி. புதுக் கப்பற்படைத் துறை தோன்றியது. பெருந் தரைப்படை ஒன்றுக்கு ஆமில்டன் நடைமுறைத் தலைவரானார். வீட்டுக்கும் நிலத்துக்கும் அடிமைக்கும் நேர்வரி விழுந்தது. கடலில் இரு நாட்டுக் கலங்களும் சாற்றாத போரில் சுட்டுக்கொண்டன.

வெளியே எழுந்த அச்சம் உள்நாட்டில் என்ன செய்தது என்பதே நாம் ஆழ்ந்து நோக்கவேண்டியது. அக் கோடையில் நான்கு சட்டங்கள் வந்தன. குடியுரிமைக்கு 5 ஆண்டு என்றிருந்த காலவரம்பு 14 ஆயிற்று. அயலாரைத் தலைவர் தம் விருப்பப்படி நாடுகடத்தலாயிற்று. போர்க்காலத்தில் பகைநாட்டாரைப் பிடிக்கும் சட்டமும் வந்தது. இருநூறாண்டு கடந்தும் அது நீக்கப்படாமல் இருந்து, 2025-இல் மீண்டும் எடுத்தாளப்பட்டது. நான்காவது, சூலை 14-இல் ஒப்பமிடப்பட்ட அரசுப்பழிப்புச் சட்டம். அரசையோ பேராயத்தையோ தலைவரையோ இழிவுபடுத்திப் பொய்யாக எழுதுவார்க்கு ஈராண்டு வரை சிறை, 2,000 தாலர் வரை ஒறுப்பு. இதிலொரு நுட்பம்: காக்கப்பட வேண்டியோர் பட்டியலில் துணைத்தலைவர் இல்லை. அவரை எவரும் எவ்வாறும் ஏசலாம். அவர் எதிர்க்கட்சியார் அல்லரோ! சட்டம் 1801 மார்ச்சு 3-ஆம் நாள், அதாவது ஆடம்சின் ஆட்சி முடியும் வேளையில், தானே மடியும் என்றும் எழுதிவைத்தனர்.

ஒறுக்கப்பட்டோர் ஏறத்தாழப் பதின்மர். முதல்வர் அயர்லாந்திற் பிறந்த மத்தேயு இலயன் என்னும் வெர்மாண்டுப் பேராளர். ஆடம்சின் பகட்டைப் பழித்து எழுதியதற்காக நான்கு திங்கள் சிறையும் 1,000 தாலர் ஒறுப்பும் பெற்றார். அவர் சிறையிலிருந்தபோதே மக்கள் அவரை மீண்டும் பேராளராகத் தேர்ந்தெடுத்தனர்! அவர் இறந்தபின் 1840-இல் அவ் வொறுப்புத் தொகையைப் பேராயம் அவர்தம் கால்வழியினர்க்குத் திருப்பித் தந்தது.

இச் சட்டங்களை எதிர்த்துக் கெண்டக்கி, வர்சினியா ஆகிய இரு மாநில அவைகள் 1798-இல் தீர்மானம் இயற்றின. கூட்டரசு மாநிலங்களின் உடன்பாட்டாற் பிறந்தது. தரப்படாத அதிகாரத்தை அது எடுத்துக்கொள்ளின் அச் செயல் செல்லாது என்றது கெண்டக்கி. எழுதியவர் துணைத்தலைவர் செபர்சனே, மறைவாக எழுதினார். வர்சினியாவுக்கு எழுதியவர் சேம்சு மாடிசன். ஏனை மாநிலங்கள் துணைநிற்கவில்லை. மாநில உரிமை என்றதும் உள்ளம் துள்ளும் நம்மனோர் இதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். இதே கொள்கையைப் பின்னாளில் அடிமைமுறையைக் காக்க முனைந்த தென்மாநிலத்தார் கையில் எடுத்தனர். 1830-களில் மாடிசன் உயிரோடிருந்து அதனைக் கண்டித்தார்.

போர் மூண்டிருந்தால் ஆடம்சு மீண்டும் வென்றிருப்பார் என்பதே பலர் கணிப்பு. அவர் கட்சியும் அதையே விழைந்தது. ஆயினும் பிரான்சு இறங்கிவருகின்றது என்னும் செய்தி எட்டியதும், 1799 பிப்பிரவரி 18-இல், தம் அமைச்சர் எவரையும் உசாவாமல், பிரான்சுக்குப் புதிய தூதுவரை அமர்த்துவதாக மேலவைக்கு எழுதினார். சொந்தக் கட்சியே அவரைக் கிழித்தது. 1800-இல் ஆமில்டன் அவரைத் தாக்கித் தனி நூலே எழுதினார். அவ் வாண்டு செப்தம்பர் 30-இல் அமைதி உடன்பாடு ஒப்பமாயிற்று. 1778-இன் பழந்தளையும் அறுந்தது. தேர்தலை மாற்ற அச் செய்தி காலத்தே வரவில்லை. ஆடம்சுக்கு 65; செபர்சனுக்கும் அவர் கட்சியினரேயாகிய ஆரன் பர் என்பார்க்கும் 73, 73. அடிமைகளை ஐவர்க்கு மூவராக எண்ணித் தென்மாநிலங்கட்குக் கூடுதல் ஒப்போலை தந்த கணக்கு இல்லையேல், ஆடம்சே வென்றிருப்பார் என்று கூறுவாரும் உளர். இணைநிலையைப் பேராளர் அவை 36-ஆம் சுற்றில் தீர்த்தது. அச் சுற்றில் வெர்மாண்டின் மற்றொரு பேராளர் ஒதுங்கிக்கொள்ள, அம் மாநிலத்தைச் செபர்சனுக்கு அளித்தது யார் ஒப்போலை? சிறைமீண்ட அந்த இலயனுடையது.

பிரான்சொடு அமைதி ஒப்பமான மறுநாள், 1800 அத்தோபர் 1-இல், இசுப்பானியா இலூசியானா என்னும் பெருநிலப்பரப்பை மறைவாகப் பிரான்சுக்கு மாற்றித்தர இசைந்தது. எய்த்தித் தீவின் கறுப்பின மக்கள் கிளர்ந்தெழுந்து நெப்போலியன் படையை அழித்தமையால், அவனுக்கு அந் நிலம் சுமையாயிற்று. 1803-இல் செபர்சன் அரசு அதனை 1½ கோடி தாலருக்கு வாங்கியது. நாடு ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஆடம்சு பிரான்சொடு போர் தொடுத்திருந்தால் அவ் வாணிகம் நடந்திராது. எய்த்தியரின் விடுதலையை அமெரிக்கா 1862 வரை ஒப்புக்கொள்ளவில்லை. விற்கப்பட்ட நிலத்தில் வாழ்ந்த தொல்குடியினரிடம் விற்றவனும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை.