மைதானத்தின் கேற் பின்னேரத்தில் திறக்கட்டும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இங்கே சைக்கிளில்தான் வந்தோம். பெற்றோலுக்குத் தடை. ஆசிரியையும் சைக்கிள், வைத்தியரும் சைக்கிள். மண்ணெண்ணெயில் ஓடிய ஒன்றிரண்டு மோட்டார் சைக்கிள்களின் புகை இன்னும் மூக்கில் நிற்கிறது. வரும்போது 4 மைல், போகும்போது 4 மைல், பின்னேரம் ரியூசன் வேறு. அந்தக் காலம் திரும்பி வரவேண்டுமென்று எங்களில் ஒருத்தியும் கேட்கமாட்டோம். ஆனால் மனவுறுதி கூடியதால் நாங்கள் சைக்கிள் மிதிக்கவில்லை. வேறு வழி இருக்கவில்லை. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டிலும் அதுவே நடந்தது. தட்டுப்பாடு தீர்ந்ததும் சைக்கிள்கள் விறாந்தை மூலைக்குப் போய்விட்டன.

இன்று கிளினிக்கில் எங்களோடு படித்தவர்களையே நோயாளராகப் பார்க்கிறோம். ஒருத்தி பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் சென்ரராக ஆடியவள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறோம்.) நீரிழிவு, பிரஷர், முழங்கால் நோ. தினமும் நடக்கச் சொன்னோம்.

"எங்கையடி நடக்கிறது? விடிய நாலரைக்கு எழும்பிச் சமையல். வேலையாலை வந்து பிள்ளையளை ரியூசனுக்கு ஏத்தி இறக்க ஏழு மணி. ஒழுங்கையிலை லைற் இல்லை, நாய் கலைக்குது" என்றாள்.

அதற்கு மருந்துத் துண்டில் எழுத எங்களிடம் பதில் இருக்கவில்லை. வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது, பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடலசைவு வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். உடலசைவின்மையை 2030க்குள் 15 சதவீதத்தால் குறைப்பது அதன் உலகச் செயற்திட்டத்தின் இலக்கு. 2018இல் வந்த அந்தத் திட்டம் தனியாளைக் குற்றஞ் சொல்லவில்லை. நடைபாதை, வீதிப் பாதுகாப்பு, பூங்கா, பாடசாலை எல்லாவற்றையும் சேர்த்தே பேசுகிறது. எங்களுக்கு அதில் பிடித்தது அதுதான். இலங்கையிலும் சுகாதார அமைச்சு 2011 முதல் நடத்தும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் நிறை, இரத்த அழுத்தம், சீனி பார்த்து ஆலோசனை சொல்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் ஆலோசனை கேட்டவள் திரும்பிப்போவது அதே இருட்டு ஒழுங்கைக்கு. ஒழுங்கை விளக்கு பிரதேச சபையின் கையில், மைதானம் கல்வித் திணைக்களத்தின் கையில்.

பிள்ளைகளின் நேரமோ எங்கள் கையில். தர்ஜினி சிவலிங்கம் இந்த மண்ணிலிருந்து போய் 2018இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணம் வென்ற அணியில் ஆடியபோது கைதட்டினோம். எங்கள் மகள்மாரை மட்டும், ஓ.எல். வருகிறதென்று பத்தாம் வகுப்போடு மைதானத்திலிருந்து இறக்கிவிடுகிறோம். இதில் அரசாங்கத்தைக் குறைசொல்ல முடியாது.

இனி எங்கள் பாடசாலை மைதானத்துக்கு வருவோம். பாடசாலை விட்டதும் கேற்றைப் பூட்டுகிறோம். உள்ளே நான்கு பக்கமும் மதில். நாய் வராது, நின்று பார்ப்பாரும் இல்லை. சேலையோடும் நடக்கலாம், சல்வாரோடும் நடக்கலாம். வாரத்தில் ஐந்து பின்னேரம், 5 மணியிலிருந்து 7 மணிவரை, அயலிலுள்ள பெண்களுக்கும் அவர்களது பிள்ளைகளுக்கும் அதைத் திறந்துவிடக் கேட்கிறோம். வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை மாதம் ஒருமுறை வந்து பிரஷர், சீனி பார்க்கவேண்டும். வரும் வழியில் விளக்குப் போடப் பிரதேச சபையிடம் போகவேண்டும். தனித்தனியே போனால் கடதாசி மேசையில் கிடக்கும், ஊர் மாதர் சங்கமும் நாங்களும் சேர்ந்து போவோம். பாதுகாப்பைப் பற்றி அதிபர் கவலைப்படுவது நியாயம். வருவோர் பெயர் பதியவேண்டும், கேற்றடியில் எங்களில் இருவர் நிற்கவேண்டும்.

நூற்றாண்டு நிதியில் மண்டபத்துக்குக் குளிரூட்டி பூட்டுவதா என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. வைகாசி வெயிலில் அந்த மண்டபத்தில் சோதனை எழுதிய நாங்கள் அதை வேண்டாமென்று சொல்வோமா? ஆனாலும் முதலில் மைதானத்துக்கு நாலு லைற். லண்டன், ரொறன்ரோ, சிட்னி கிளைகளிடமும் இதையே கேட்கிறோம்.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். வாரத்தில் ஒரு பின்னேரம் கேற்றடியில் நிற்கக்கூடியவர்கள் பெயரை எழுதிவிட்டுத் தேநீருக்குப் போங்கள். சென்ரராக ஆடியவள் செவ்வாய்க்கிழமைக்கு ஏற்கெனவே எழுதிவிட்டாள்.